பிணியாளர் இல்லம் நாடிய புனித வின்சென்ட் தே பவுல்

வின்சென்ட் தே பவுல் சபை என்றால் நம் பங்கில் அறியாதவர் எவருமில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் கோவில் வாசலில் உண்டியல் ஏந்தி நிற்கும் சபையாரையும், ஆதரவற்ற முதியோர் வீடுகளுக்கு அரிசிப் பை சுமந்து செல்வோரையும் நாம் கண்டிருக்கிறோம். ஆனால் அச்சபைக்குப் பெயர் தந்த புனிதர் எந்நாட்டவர், என்ன செய்தார் என்று யாரேனும் கேட்டால், நம்மில் பலர் கையில் குழந்தையுடன் நிற்கும் அந்தச் சுரூபத்தைச் சுட்டிக் காட்டுவதோடு நின்று விடுவோம். கைவிடப்பட்ட குழந்தைகளை அவர் எடுத்து வளர்த்தது உண்மையே. எனினும் மருத்துவரும் மருந்தும் எட்டாத ஏழை நோயாளிகளுக்கு, அவர்கள் படுத்திருக்கும் இடத்திற்கே பராமரிப்பைக் கொண்டு சேர்க்க வழி கண்டவர் அவர் என்பதே நமக்குப் பெரிதாகப் படுகிறது. விழா மலரின் இப்பக்கங்களில் அவ்வரலாற்றைச் சற்று விரித்து எழுத விழைகிறோம்.

பிரான்சு நாட்டின் தென்மேற்கே காஸ்கோனிப் பகுதியில், டாக்ஸ் நகரையடுத்த பூய் என்னும் சிற்றூரில், 1581 ஆம் ஆண்டு வின்சென்ட் பிறந்தார். தந்தை சிறு குடியானவர். பிள்ளைகள் ஆறு பேரில் இவர் மூன்றாமவர். ஆடும் பன்றியும் மேய்த்து வளர்ந்த பையன் படிப்பில் கெட்டிக்காரன் என்று கண்ட தந்தை அவரை டாக்ஸ் நகரில் படிக்க வைத்தார். பிறகு துலூஸ் நகரில் மேற்படிப்புக்காக உழவு மாடு ஒரு ஜோடியை விற்றார் என்று சொல்வார்கள். அப்படிப்பட்ட தந்தை ஒரு நாள் பள்ளிக்கு மகனைப் பார்க்க வந்தபோது, கந்தல் உடையோடு நொண்டி நடந்து வந்த அவரைத் தந்தையென்று சொல்ல வெட்கப்பட்டு, மகன் போய்ப் பார்க்க மறுத்துவிட்டார். இதைப் பிற்காலத்தில் ஊரறியச் சொல்லி வருந்தியவர் வின்சென்டே. புனிதர்கள் பிறக்கும்போதே புனிதர்களாய்ப் பிறப்பதில்லை என்பதால் இதையும் இங்கே எழுதுகிறோம்.

1600 ஆம் ஆண்டு, தம் 19 ஆம் வயதில், திருச்சபை விதித்த வயது நிரம்பு முன்னரே அவர் குருப்பட்டம் பெற்றார். நல்ல வருமானமுள்ள ஒரு பதவி கிடைத்தால் தாயையும் குடும்பத்தையும் காப்பாற்றலாம் என்பதே அன்றைய எண்ணம். கடற்கொள்ளையர் அவரைப் பிடித்துத் துனிசில் அடிமையாக விற்றனர் என்ற கதை பழைய நூல்களில் விரிவாக உண்டு. வரலாற்றாசிரியர் பலர் அதை ஐயுறுவதால் நாம் அதில் நிற்கவில்லை. 1608ல் பாரிசுக்கு வந்தார். 1612ல் கிளிஷி என்ற ஊரின் பங்குக் குருவானார். அடுத்த ஆண்டு கோந்தி என்னும் பெரும் பிரபுவின் இல்லத்தில் பிள்ளைகளுக்கு ஆசிரியராய் அமர்ந்தார். மாளிகை வாழ்வு மனதுக்கு ஒவ்வவில்லை. 1617ல் சொல்லாமல் கொள்ளாமல் புறப்பட்டு, லியோன் நகருக்கு வடக்கே உள்ள ஷாத்தியோன் என்ற ஊருக்குப் பங்குக் குருவாய்ப் போய்ச் சேர்ந்தார்.

அங்கே நிகழ்ந்ததுதான் நம் கட்டுரையின் உயிர். 1617 ஆகஸ்டு மாதத்து ஒரு ஞாயிறு. பூசைக்கு ஆடை அணிந்து கொண்டிருந்த குருவிடம் ஒரு செய்தி வந்தது. ஊருக்கு வெளியே தனித்துள்ள ஒரு வீட்டில் எல்லோரும் நோயில் விழுந்து கிடக்கிறார்கள். ஒருவருக்கு ஒருவர் தண்ணீர் எடுத்துக் கொடுக்கவும் ஆளில்லை. வின்சென்ட் பிரசங்கத்தில் அதை எடுத்துச் சொன்னார். மாலையில் தாமும் அந்த வீட்டைப் பார்க்கப் புறப்பட்டார். வழியெல்லாம் பெண்கள் கூட்டம்! கூடையோடு போகிறவர்கள் பலர். கொடுத்துவிட்டுத் திரும்புகிறவர்கள் பலர். வெயிலுக்கு மரத்தடியில் ஒதுங்கி இளைப்பாறுகிறவர்கள் பலர். பார்ப்பதற்குத் திருவிழாச் சுற்றுப் பிரகாரம் போல் இருந்தது.

வேறொருவராயிருந்தால் தம் பிரசங்கத்தின் வெற்றியை எண்ணி மகிழ்ந்திருப்பார். வின்சென்ட் மனதில் எழுந்தது கவலை. இன்று இத்தனை உணவும் ஒரே வீட்டில் குவிந்து கெட்டுப் போகும். நாளை மறுநாள் அந்த நோயாளிகள் பட்டினி கிடப்பார்கள். மக்களிடம் இரக்கம் இருக்கிறது, முறைதான் இல்லை. மூன்று நாட்களுக்குள் ஊர்ப் பெண்கள் சிலரைக் கூட்டி, ஒவ்வொருவரும் முறை வைத்து ஒரு நாள் சமைத்துக் கொண்டு போவதென ஏற்பாடு செய்தார். அதே ஆண்டு டிசம்பரில் எழுத்து வடிவில் ஒழுங்குகள் வகுத்து அதை முறையான சபையாக நிறுவினார்.

அந்த ஒழுங்குகளைப் படிக்கும்போது நமக்கு வியப்பு மேலிடுகிறது. எழுதியவர் ஒரு குரு. ஆனால் நோயாளியின் பக்கத்தில் இருந்து பழகிய தாதியின் கைகள் எழுதியது போல இருக்கிறது. நோயாளிக்கு ரொட்டி வேண்டிய மட்டும், ஆட்டிறைச்சியோ கன்றிறைச்சியோ 5 அவுன்ஸ், கஞ்சி, சிறிது திராட்சை ரசம். இறைச்சி விலக்கான நாட்களில் முட்டையும் வெண்ணெயும். கெட்டி ஆகாரம் இறங்காதவர்களுக்கு இறைச்சி ரசமும் பார்லித் தண்ணீரும் புது முட்டையும் நாளுக்கு மூன்று நான்கு தடவை என்று அளவோடு எழுதி வைத்தார். உணவு கொண்டு போகிறவர் முதலில் கட்டிலில் சிறு பலகை வைத்து, துணி விரித்து, தட்டும் கரண்டியும் வைக்க வேண்டும். நோயாளியின் கைகளைக் கழுவ வேண்டும். செபம் சொல்ல வேண்டும். இறைச்சியைத் துண்டு செய்து கொடுத்து, தாய் பிள்ளைக்குச் சொல்வது போல் அன்பாய்ச் சாப்பிடச் சொல்ல வேண்டும். இவ்வளவும் அந்த ஏட்டில் இருக்கிறது.

அவற்றுள் ஒன்று நம்மை மிகவும் தொட்டது. வீட்டில் துணைக்கு ஆள் உள்ள நோயாளியிடம் முதலில் செல்ல வேண்டும்; யாருமற்ற தனி நோயாளியைக் கடைசியாக வைத்துக் கொள்ள வேண்டும். ஏன்? கடைசி வீடாயிருந்தால் அவசரமின்றி அவரோடு சற்று நேரம் அதிகம் இருக்கலாம் அல்லவா! நம் ஊர்களில் நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் இதற்கு நேர் மாறாகவே செய்கிறோம். உறவும் பேச்சும் உள்ள வீட்டில் உட்கார்ந்து விடுகிறோம்.

பணத்தையும் அவர் சபைப் பெண்களிடமே ஒப்படைத்தார். பொருளாளர் கணக்கு எழுதி ஆண்டுதோறும் காட்ட வேண்டும். ஆண்களையும் பெண்களையும் ஒரே சபையில் சேர்த்து நடத்திய ஊர்களில் பிணக்குகள் எழுந்தன. ஆண்கள் பணப்பெட்டியைத் தம் கைக்கு எடுத்துக் கொள்ளவே முனைந்தனர். பெண்களின் கணக்கு வழக்கில் தமக்கு எந்தக் குறையும் தெரியவில்லை என்பதே அவருடைய அனுபவ முடிவு. முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் முன்னே ஒரு குரு கண்ட முடிவு இது என்பதை நம் பங்குப் பேரவைகளின் கவனத்துக்குப் பணிவோடு வைக்கிறோம்.

கோந்தி குடும்பத்தார் விடாமல் வற்புறுத்தவே, அவ்வாண்டு இறுதியிலேயே அவர் பாரிசுக்குத் திரும்பினார். ஷாத்தியோனில் இருந்தது சில மாதங்களே. ஆனால் அங்கே நட்ட விதை ஊர் ஊராய் முளைத்தது. கிராமங்களில் போதகம் செய்யப் போன இடமெல்லாம், புறப்படுமுன் ஒரு பிறரன்புச் சபையை நிறுவிவிட்டு வருவது அவர் வழக்கமாயிற்று. 1625ல் கிராம மக்களுக்கென ஒரு குருக்கள் சபையைத் தொடங்கினார். 1632ல் பாரிசின் எல்லையிலிருந்த புனித லாசர் மடம் அவர்கள் கைக்கு வந்தது. லாசரிஸ்துகள் என்ற பெயர் அதனால் வந்ததே.

தொடங்குவது எளிது, தொடர்ந்து நடப்பதுதான் கடினம். ஆண்டுகள் சில கழிந்ததும் பல ஊர்களில் முறை தவறியது, கணக்கு குழம்பியது, ஆர்வம் தணிந்தது. இங்கேதான் லூயிஸ் தே மரிலாக் அம்மையார் வருகிறார். 1591ல் பிறந்து, கணவனை இழந்து, ஒரே மகனைப் பற்றிய கவலையிலும் ஆன்மக் கலக்கத்திலும் உழன்று கொண்டிருந்த அவரை 1629ல் வின்சென்ட் சபைகளைப் பார்வையிட அனுப்பினார். வண்டியிலும் கால்நடையாயும் அம்மையார் ஊர் ஊராய்ச் சென்றார். கணக்கேட்டைப் பார்த்தார். நோயாளிகளை நேரில் கண்டார். சபைப் பெண்களுக்கு நோயாளியைக் கவனிக்கும் விதம் சொல்லிக் கொடுத்தார். சிறுமியருக்கு எழுத்துக் கற்பித்தார். அந்தந்த ஊரிலேயே பாடம் சொல்ல ஒரு பெண்ணைப் பழக்கி வைத்துவிட்டு வந்தார். இன்று சுகாதாரக் கல்வி என்றும் கிராம நலப் பணியாளர் பயிற்சி என்றும் நாம் அழைப்பதை அவர் அன்றே செய்து கொண்டிருந்தார்.

பாரிஸ் நகரில் வேறொரு சிக்கல். அங்கே சபையில் சேர்ந்தவர்கள் உயர்குலச் சீமாட்டிகள். மனம் நல்ல மனம்தான். ஆனால் கஞ்சிப் பானையைத் தூக்கிக் கொண்டு சந்து பொந்துகளில் மாடிப்படி ஏறுவது அவர்களால் ஆகவில்லை. தொற்று நோய்க்கு அஞ்சிக் கணவன்மார் தடுத்தார்கள். ஆகவே வேலைக்காரிகளை அனுப்பினார்கள். வேலைக்காரி கூலிக்குச் செய்ததை நோயாளி உணராமல் இருப்பாரா?

அவ்வேளையில் வந்தவர் சூரேன் என்ற ஊரில் மாடு மேய்த்த மார்கரித் நசோ என்னும் ஏழைப் பெண். பள்ளி சென்றதில்லை. எழுத்துப் புத்தகம் ஒன்றை வாங்கி, மாடு மேய்த்துக் கொண்டே, வழியில் போவோர் வருவோரை நிறுத்தி எழுத்து எழுத்தாய்க் கேட்டுப் படித்தவர். தாம் கற்றதை மற்ற பெண்களுக்குக் கற்பித்து வந்தவர். பாரிசில் நோயாளிகளுக்குப் பணிபுரிய ஆள் வேண்டும் என்று அறிந்ததும் தாமாகவே முன் வந்தார். 1633ல், பிளேக் நோய் கண்ட ஒரு பெண்ணைத் தம் படுக்கையில் இடம் கொடுத்துக் காத்தபோது, அந்நோய் தம்மையும் பற்ற, உயிர் துறந்தார். அவர் வழியில் வந்த கிராமப் பெண்கள் சிலரை அதே ஆண்டு நவம்பர் 29ல் லூயிஸ் அம்மையார் தம் வீட்டில் சேர்த்துப் பயிற்சி தரத் தொடங்கினார். பிறரன்புப் புதல்வியர் சபையின் பிறப்பு இது.

இங்கே நாம் ஒரு செய்தியைத் தெளிவாய்ச் சொல்ல வேண்டும். அந்நாளைய திருச்சபைச் சட்டப்படி வார்த்தைப்பாடு கொடுத்த கன்னியர் மடத்து மதிலுக்குள்ளேயே வாழ வேண்டும். ஏழைகளைச் சந்திப்பதும் நோக்கமாகக் கொண்டு 1610ல் புனித பிரான்சிஸ் சலேசியார் நிறுவிய விசித்தாசியோன் சபை கூட, சில ஆண்டுகளில் அடைபட்ட மடமாகிவிட்டது. சலேசியாரின் நண்பரான வின்சென்ட் இதைக் கண்ணாரக் கண்டவர். தம் பெண்களும் மதிலுக்குள் போய்விட்டால் பாரிசுச் சந்துகளில் கிடக்கும் நோயாளிக்குக் கஞ்சி கொண்டு போவது யார்? ஆகவே இவர்கள் துறவிகள் அல்ல, பங்கின் பெண்மக்களே என்று விடாமல் சொல்லி வந்தார். கன்னியர் உடுப்பு இல்லை. அப்பகுதிக் குடியானப் பெண்களின் சாம்பல் நிறக் கம்பளி உடையே போதும். 1642ல் முதன்முதலாய் வார்த்தைப்பாடு கொடுத்தபோதும் அதை எளிய வார்த்தைப்பாடாகவே அமைத்தார். மடம் வேண்டாம், வாடகை அறை போதும். தனிக் கோவில் வேண்டாம், பங்குக் கோவில் போதும். நகரத் தெருக்களே அவர்களுக்கு மடத்து நடைபாதை என்று கற்பித்தார். செப நேரத்தில் நோயாளி அழைத்தால் செபத்தை விட்டுப் போவது குற்றமாகாது, அங்கேயும் ஆண்டவரையே காணப் போகிறீர்கள் என்பது அவர் அடிக்கடி போதித்தது. சட்டத்தை எதிர்த்து அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. ஆனால் அந்தப் பெண்கள் தெருவிலேயே இருந்தார்கள்! இதில் குடியானவர் மகனின் சாதுரியத்தை நாம் ரசிக்காமல் இருக்க முடியவில்லை.

அப்பெண்களுக்கு எழுதப் படிக்கவும், ஞானோபதேசமும், மருந்து தயாரிக்கவும், புண்ணுக்குக் கட்டுப் போடவும், இரத்தம் இறக்கவும் கற்றுக் கொடுக்கப்பட்டது. இரத்தம் இறக்குவது அக்கால வைத்தியம். அதனால் குணமானவர் எத்தனை பேர், தளர்ந்தவர் எத்தனை பேர் என்பது ஆண்டவருக்கே வெளிச்சம். அன்றைய மருந்துகளை விட நேரத்துக்குக் கிடைத்த சூடான கஞ்சியும் சுத்தமான துணியும் பக்கத்தில் ஓர் ஆளும்தான் அதிகம் பேரைப் பிழைக்க வைத்திருக்கும் என்றே நாம் எண்ணுகிறோம். மருத்துவர் சொல்லை மீறலாகாது என்றும், பணக்கார நோயாளிகளுக்குப் பணி செய்யப் போய் ஏழைகளின் நேரத்தைக் கெடுக்கலாகாது என்றும் அவர்களுக்குக் கண்டிப்பான ஒழுங்கு இருந்தது.

இந்தப் பின்னதற்கு ஒரு சோதனை வந்தது. ஏகியோன் சீமாட்டி, அப்போது நாட்டை ஆண்ட கர்தினால் ரிஷெலியூவின் சகோதரி மகள், தம் இல்லத்துக்கு ஒரு பெண்ணை அனுப்பும்படி கேட்டார். சபைக்கு வாரி வழங்கியவர், மறுக்க இயலாது. மரி தெனிஸ் என்ற பெண்ணைக் கேட்டார் வின்சென்ட். ஏழைகளுக்குப் பணி செய்யத்தான் தாய் தகப்பனை விட்டு வந்தேன், பெரிய இடத்துப் பணிக்கு வரவில்லை என்று அவள் பணிவாய் மறுத்தாள். அடுத்து பார்ப் ஆஞ்சிபூ என்பவளை அனுப்பினார். அவளோ மாளிகையையும் சாரட்டுகளையும் கண்டு அழத் தொடங்கி, ஏழைகளிடமே திருப்பி அனுப்பும்படி கெஞ்சினாள். சீமாட்டியும் விட்டுவிட்டார். வின்சென்டுக்கோ அளவற்ற மகிழ்ச்சி.

பாரிசின் பெரிய மருத்துவமனை ஒத்தேல் தியே. ஒரே கட்டிலில் நோயாளிகள் பலர் படுத்திருப்பது அங்கே வழக்கமாயிருந்தது. 1634ல் சீமாட்டிகளைக் கொண்டே அங்கே ஒரு சபை அமைத்தார். பிற்பகலில் பழமும் ரசமும் கொண்டு போய் நோயாளிகளோடு ஆறுதலாய்ப் பேசுவது அவர்கள் வேலை. 1638ல் தெருவில் விடப்பட்ட குழந்தைகளின் பராமரிப்பை மேற்கொண்டனர். எல்லாரையும் எடுக்க முடியாததால் சீட்டுப் போட்டு 12 குழந்தைகளை எடுத்தார்கள். எடுக்கப்படாத குழந்தைகளை எண்ணிப் பார்க்க நமக்கே மனம் தாங்கவில்லை; அவர்களாலும் தாங்க முடியவில்லை. 1640 முதல் எல்லாரையும் ஏற்றுக் கொண்டார்கள். 1640லேயே ஆன்ஜே நகர மருத்துவமனைப் பொறுப்பும் புதல்வியருக்கு வந்தது. 1652ல் போலந்துக்கும் சென்றார்கள்.

1648 முதல் உள்நாட்டுக் கலகமும் அதைத் தொடர்ந்து பஞ்சமும் கொள்ளை நோயும் நாட்டை வாட்டின. 1652ல் பாரிசில் மட்டும் நாள்தோறும் 10,000க்கும் மேற்பட்ட ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றப்பட்டது. எத்தாம்ப் நகரில் படைகள் போன பின் பிணங்களும் குப்பையும் தெருவில் அழுகிக் கிடந்தன. வின்சென்ட் அனுப்பிய குருக்கள் முதலில் செய்தது என்ன? பிணங்களைப் புதைத்துத் தெருக்களைச் சுத்தம் செய்தார்கள். வீடுகளுக்குப் புகை போட்டார்கள். அதன் பிறகே கஞ்சித் தொட்டி வைத்தார்கள். அவர்களில் சிலர் அங்கேயே நோய் கண்டு மாண்டனர். பிக்கார்டி, ஷாம்பேன் பகுதிகளின் துயரத்தைப் பற்றி வந்த கடிதங்களைத் துண்டுப் பிரசுரமாய் அச்சிட்டுப் பாரிசில் பரப்ப, அதைப் படித்தவர்கள் காணிக்கை தந்தார்கள்.

1656ல் அரசு பிச்சைக்காரரையெல்லாம் பிடித்து ஒரே இடத்தில் அடைத்து வைக்கத் தீர்மானித்தது. பலர் அதை நகரத்துக்கு வந்த நன்மை என்று கொண்டாடினர். வின்சென்ட் தயங்கினார். கட்டாயம் அவருக்குப் பிடிக்கவில்லை. அங்கே ஆன்ம காரியங்களைக் கவனிக்கத் தம் குருக்களை அனுப்ப அவர் இசையவில்லை. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னரே, 40 முதியவர்கள் தறி முதலிய சிறு வேலைகள் செய்துகொண்டு மரியாதையோடு வாழ அவர் ஓர் இல்லம் அமைத்திருந்தார்.

அவர் உடல் நலமோ நெடுங்காலமாய் நன்றாயில்லை. அடிக்கடி காய்ச்சல், கால்களில் ஆறாத புண். நடக்க முடியாமற் போனபோது ஏகியோன் சீமாட்டி ஒரு வண்டி கொடுத்தார். குடியானவர் மகனுக்கு வண்டியா என்று அவர் நாணினார். அதைத் தம் அவமானம் என்றே குறிப்பிட்டு வந்தார். வழியில் கண்ட ஏழைகளையும் நோயாளிகளையும் அதில் ஏற்றிக் கொண்டு போவார். 1660 மார்ச் 15ல் லூயிஸ் அம்மையார் இறந்தார். மரணப் படுக்கையிலிருந்த அவரைப் போய்ப் பார்க்கவும் வின்சென்டால் இயலவில்லை. ஒரு குருவின் வழியே செய்தி மட்டும் அனுப்பினார். அதே ஆண்டு செப்டம்பர் 27ல், விடியுமுன், நாற்காலியில் அமர்ந்தபடியே அவர் உயிர் பிரிந்தது. 1737ல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. 1885ல் பாப்பரசர் 13 ஆம் சிங்கராயர் பிறரன்புப் பணிகளுக்கெல்லாம் அவரைப் பாதுகாவலராய் அறிவித்தார்.

நம் பங்கில் இயங்கும் சபையை வின்சென்டே நிறுவினார் என்று பலர் எண்ணுகின்றனர். அப்படியன்று. 1833ல் பாரிசில் பிரெடெரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவரும் அவர் தோழர்களும் தொடங்கியது அது. ஏழைகளுக்கு உதவ வேண்டும் என்ற ஆர்வம் இருந்ததே தவிர, எங்கே போவது, எந்தக் கதவைத் தட்டுவது என்று அவ்விளைஞருக்குத் தெரியவில்லை. நகரின் மிக வறிய பகுதியொன்றில் பணி செய்து வந்த ரோசலி என்னும் பிறரன்புப் புதல்வியிடம் போனார்கள். அவர் சந்திக்க வேண்டிய குடும்பங்களின் பட்டியலையும், ரொட்டிக்கும் விறகுக்கும் கொடுக்கும் சீட்டுகளையும் அவர்கள் கையில் கொடுத்து, ஏழையின் வீட்டுக்குள் எப்படிப் போக வேண்டும், எப்படி உட்கார வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.